கிணற்றுக் கப்பியில் தேர்வடம்

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா பாய்மரக் கப்பல் கட்டினார். கட்டியது என்னவோ தச்சர்கள்தான், ஆனால் ராஜாக்கள் கதையில் அப்படித்தான் சொல்ல வேண்டும். மரம் நட்டாயிற்று, பாய் தைத்தாயிற்று. பாயை ஏற்றி இறக்கும் கயிறுதான் பாக்கி. அதைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ராஜாவுக்கு ஓர் ஆசை பிறந்தது.

"ஆயிரம் பேர் இழுத்தும் அறாத தேர்வடம் நம் கோயிலில் இருக்கிறதே. நம் கப்பலுக்கும் அதுவே இருக்கட்டும்" என்றார்.

"தெய்வமே வாய் திறந்ததுபோல் இருக்கிறது பிரபு" என்று உருகினார் உத்தண்டராயர். ராஜா தும்மினால் அதில் ராகம் கண்டுபிடிக்கும் மந்திரி அவர்.

கப்பலோட்டும் தண்டல் கடலாண்டி மட்டும் கையெடுத்துக் கும்பிட்டான். "கோவிச்சுக்காதீங்க மகாராஜா. பாய்க்கயிறு அறாம இருந்தா மட்டும் போதாது, ஓடணும். வடம் மரத்து உச்சியில இருக்குற கப்பியில சிக்கிக்கும். காத்து திடீர்னு திரும்பினா பாயை இறக்க முடியாது, கப்பல் கவுந்துடும். அந்த வடத்தோட நான் கப்பல்ல ஏற மாட்டேன்."

"தெய்வத்தின் வடத்தைப் பழிக்கிறான்" என்றார் உத்தண்டராயர். ராஜாவின் முகம் சிவந்தது. தண்டலுக்குச் சிறை, திங்களன்று தாம் ஏறிச்செல்லும் வெள்ளோட்டம் முடிந்ததும் மரண தண்டனை என்றார். அதோடு நின்றாரா? "இனி நம் அரண்மனையில் எந்தக் காரியத்துக்கும் வடத்தைவிட மெல்லிய கயிறு கூடாது. மீறுபவன் தலை போகும்" என்றும் ஆணையிட்டார்.

அரண்மனை விகடன் கூத்தபிரானுக்கு நெஞ்சு கொதித்தது. உள்ளதைச் சொன்னவன் சாவதா? அவன் வாய் திறப்பதற்குள் உத்தண்டராயர் முந்திக்கொண்டார். "இந்த ஆணையை விகடனே நிறைவேற்றட்டும் பிரபு." வடம் சுமந்து அவன் முதுகு ஒடிய வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

"ஒன்று விடாமல் நிறைவேற்றுகிறேன்" என்றான் கூத்தபிரான். நேரே சிறைக்குப் போனான். "கடலாண்டி, நீயாக இருந்தால் எந்தக் கயிற்றை எடுப்பாய்?"

"வெரல் பருமன் சணல்கயிறுங்க. உப்புத்தண்ணியில ஊறவெச்சு இழுத்துப் பாக்கணும். ஊறியும் ரொம்ப நீளாம, பருக்காம இருந்தா அதுதான்."

அன்று மாலைக்குள் அரண்மனைக் கிணறுகளில் எல்லாம் வடம் ஏறிவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை, ராஜாவுக்கு எண்ணெய்க் குளியல். அப்போதைக்கப்போது இறைத்த கிணற்று நீர்தான் அவர் தலையில் விழ வேண்டும், அண்டாவில் பிடித்துவைத்தது ஆகாது. தலை நிறையச் சீயக்காயோடு "தண்ணீர்" என்றார் ராஜா. தண்ணீர் வரவில்லை. ஆறு பேர் வடத்தோடு மல்லுக்கட்டினார்கள். வாளி பாதிக் கிணற்றில் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"என்ன செய்கிறீர்கள்? கண் எரிகிறது."

"வடம் கப்பியில் சிக்கிவிட்டது மகாராஜா" என்றான் கூத்தபிரான். "ஆனால் அறுந்துபோகவில்லை. மிகவும் உறுதியான வடம்."

"வேறு கயிறு போடு."

"மெல்லிய கயிறு போட்டால் என் தலை போகுமே. தங்கள் ஆணை."

ராஜா கண்ணைக் கசக்கினார். கசக்கக் கசக்க எரிச்சல் ஏறியது. "ஆணையை மாற்றினேன், போடு."

"கிணற்றுக்கு மட்டுமா, கப்பலுக்கும் சேர்த்தா?"

"என்ன அதிகப்பிரசங்கித்தனம்" என்று சீறினார் உத்தண்டராயர். ராஜா குளிக்கும்போதும் கூடவே நிற்பவர் அவர். கூத்தபிரான் அசையவில்லை.

"இங்கே சிக்கியது வாளி, கண் எரிகிறது. கடலில் பாய் சிக்கினால் போவது தங்கள் உயிர் பிரபு. அதைச் சொன்னவன்தான் சிறையில் இருக்கிறான்."

சீயக்காய் ராஜாவின் மூக்கில் வழிந்தது. "கப்பலுக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

"தண்டல்?"

"அவனையும் விட்டுத் தொலை. முதலில் தண்ணீர்."

கூத்தபிரான் தன் இடுப்பில் சுற்றியிருந்த சணல்கயிற்றை அவிழ்த்தான். உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, இழுத்துப் பார்த்து எடுத்த கயிறு. ஆறு பேரும் வடத்தைக் கழற்றியதும் கப்பியில் அந்தக் கயிறு சரசரவென்று ஓடியது. கண்ணைக் கழுவிய ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், வடங்களைச் சுமந்துபோய்க் கோயிலில் வைக்கும் வேலையை உத்தண்டராயரிடம் ஒப்படைத்தார்.

திங்களன்று நடுக்கடலில் காற்று திடீரென்று திரும்பியது. கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தது. கடலாண்டி ஒரு கையால் கயிற்றைத் தளர்த்தினான், பாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது, கப்பல் நிமிர்ந்தது. முகத்தில் தெறித்த கடல்நீரைத் துடைத்துக்கொண்டு ராஜா வாய்விட்டுச் சிரித்தார். தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார்.

அவன் அதைக் கடலாண்டிக்குப் போட்டான். "கயிறு இவன் சொன்னது மகாராஜா. கண்ணெரிச்சல் மட்டும்தான் நான் கொடுத்தது."