துபாஷி சொன்ன தூக்கம்

நெடுநாளைக்கு முன்னால் வெண்கோட்டு நாட்டை இரத்தினவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கோபம் வந்தால் ஆள் பார்க்க மாட்டார். பிரியம் வந்தாலும் அப்படித்தான். அவருக்கு ஒரே மகன், சேந்தன். பிள்ளைக்கு விஷக்காய்ச்சல் கண்டு அரண்மனை வைத்தியர்கள் கைவிரித்ததும், கடற்கரைக் கோட்டையில் இருந்த வெள்ளைக்கார வைத்தியரிடம் பல்லக்கில் அனுப்பினார்.

இருபது நாள் கழித்துக் கோட்டையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. வெள்ளைக்காரர் பாஷை அறிந்தவர் அரண்மனையிலேயே ஒருவர்தான், துபாஷி பஞ்சநதம். இன்னொருவன் அதைக் கற்றுக்கொண்டு வந்துவிடக் கூடாதே என்று ஊரெல்லாம் கண் வைத்திருப்பவர். அவர் கடிதத்தைப் பிரித்தார். ராஜாவின் முகத்தைப் பார்த்தார்.

"இளவரசர் தூங்குகிறார், மகாராஜா. மருந்து கொடுத்த தூக்கம். கலைய மாதக்கணக்காகும். பாதியில் யாராவது எழுப்பினால் உயிருக்கு ஆபத்து. போய்ப் பார்க்கவும் கூடாதாம்" என்றார்.

ராஜா மகிழ்ந்துபோய்த் துபாஷிக்கு முத்துமாலை போட்டார். காற்று சத்தத்தைக் கடற்கரைவரை கொண்டுபோய்விடும் என்று அவருக்கு ஒரு எண்ணம். மறுநாளே நாட்டில் சத்தம் கூடாதென்று உத்தரவு போட்டார். கோயில் மணி நாக்கில் துணி சுற்றினார்கள். கல்யாணங்கள் மேளமில்லாமல் நடந்தன. சாவு வீட்டுப் பெண்கள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதார்கள். "இளவரசர் உயிரோடுதான் இருக்கிறாரா?" என்று கேட்ட தளபதி அரியநாயகத்தின் நாக்கை அறுத்தார்கள். அதற்குப்பின் யாரும் கேட்கவில்லை.

எட்டாவது மாதம் மயிலேறி என்ற கல்தச்சன் பிடிபட்டான். அவன் மனைவி செம்பாயி பிரசவத்தில் போய்விட்டாள், பிள்ளையும் தங்கவில்லை. இருவரையும் புதைத்த இடத்தில் ஒரு கல்லாவது நடலாமென்று, சுத்தியலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு தட்டினான். நாலு நாள் தப்பித்தான். ஐந்தாம் நாள் சேவகர்கள் காதில் விழுந்துவிட்டது.

சபையில் நிறுத்தியபோது அவனுக்குப் பயப்படக்கூட மனசில்லை. கல் பாதியில் நிற்கிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான்.

யாரைத் தண்டிப்பதானாலும் முதலில் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவது வழக்கம். துபாஷி அதை விரித்து, "இளவரசர் தூங்குகிறார்" என்று கணீரென்று படித்தார்.

"உளிச்சத்தம் எழுப்பியவனுக்குத் தூக்கு. கடைசியாக ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றார் ராஜா.

மயிலேறியின் கண் காகிதத்திலேயே நின்றது.

"துபாஷி ஐயா, தூக்கம் என்று படித்தீர்களே, அது எந்த இடத்தில் இருக்கிறது?"

துபாஷி சிரித்தார். "உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தமிழே தெரியாது, ஐயா. சும்மா பார்க்கலாமென்றுதான்."

"பார்த்துக்கொள்" என்று துபாஷி விரலை வைத்தார். "ஸ்லீப்ஸ்."

முதலிலும் கடைசியிலும் பாம்புபோல நெளிந்த எழுத்து. நடுவே ஒரே மாதிரி இரண்டு. மயிலேறிக்கு அது பழகிய சொல். தெரிந்ததைத் திறந்து சொன்னால் நாக்கு போகும், கழுத்தும் போகும். சொல்லாவிட்டால் கழுத்து மட்டும் போகும்.

"அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் உண்டா, ஐயா?"

"கிடையாது. குழந்தை தூங்கினாலும் அதே சொல்தான், குதிரை தூங்கினாலும் அதே சொல்தான். நீ எனக்குப் பாடம் சொல்ல வந்தாயா?"

"இல்லை, ஐயா. மகாராஜா, ஒரு விண்ணப்பம். கல்யாணத்துக்கு முன்னால் நான் அந்தக் கோட்டையில் ஆறு வருஷம் கல்வேலை செய்தேன். எழுதிக் கொடுப்பதைப் பார்த்து அப்படியே வெட்டுவேன். இதே சொல்லை நாற்பது கல்லுக்குமேல் வெட்டியிருக்கிறேன். எல்லாம் கோட்டைக்கு வடக்கே புன்னைத் தோப்பில் நிற்கின்றன. ஒவ்வொரு கல்லுக்கும் கீழே ஒருவர் தூங்குகிறார். துபாஷி ஐயாவை அங்கே அனுப்புங்கள். ஒரே ஒருவரை எழுப்பிக் காட்டட்டும். எழுந்துவிட்டால் என் தலையை நானே கயிற்றுக்குள் நீட்டுகிறேன்."

"அந்தக் கற்கள் எதற்கு?" என்றார் ராஜா.

"அதைச் சொல்ல எனக்கு நாக்கு வேண்டும், மகாராஜா. துபாஷி ஐயா படித்தவர். அவரைச் சொல்லச் சொல்லுங்கள்."

துபாஷி அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"எப்போது தெரியும்?" என்று கேட்டார் ராஜா.

"முதல் வரியிலேயே தெரியும், பிரபு. உங்கள் முகத்தைப் பார்த்தபின் வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் மாலை போட்டீர்கள். அப்புறம் தளபதியின் நாக்கு..."

ராஜா தளபதியைத் திரும்பிப் பார்த்தார். அரியநாயகம் தன் ஆசனத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"இவர் அன்றே கேட்டார்" என்றார் ராஜா. "நான்தான் கேட்க விடவில்லை."

முத்துமாலையைக் கழற்றச் சொன்னார். துபாஷி ஊர் ஊராக நடந்துபோய், இளவரசர் இறந்ததையும் தான் பொய் சொன்னதையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். தளபதி குதிரையில் முன்னால் போவார் என்று உத்தரவாயிற்று. மயிலேறியின் கட்டை அவிழ்த்தார்கள். ராஜா அந்த மாலையை அவனிடம் நீட்டினார்.

"எனக்கு வேண்டாம், மகாராஜா. செம்பாயி கல்லை முடிக்க விடுங்கள், போதும்."

"முடித்துவிட்டு என் மகனுக்கும் ஒன்று வெட்டித் தருவாயா?"

"தருகிறேன்."

பத்து நாள் கழித்து மயிலேறி அரண்மனைத் தோட்டத்தில் கல்லைக் கிடத்திக்கொண்டு உட்கார்ந்தான். எழுதிக் கொடுக்க வந்த புலவர் 'துயில்கிறான்' என்று எழுதியிருந்தார். ராஜா அதை வாங்கி நாலாக மடித்தார்.

"இறந்தான் என்றே எழுதிக் கொடும்" என்றார் புலவரிடம்.

மயிலேறி அதைப் பார்த்து வெட்டி முடிகிறவரை ராஜா வெறும் தரையில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கடைசி எழுத்தின் தூசியை மயிலேறி ஊதித் தள்ளியதும், அந்தச் சொல்லை ஒருதரம் வாய்விட்டுப் படித்தார். பிறகு மகன் பெயரைச் சொல்லி, அரண்மனை முழுக்கக் கேட்கும்படி அழுதார்.