கரடி இலை போட்டுப் பிடித்த பாறை

காட்டுக்கு நடுவே ஒரு குளம். குளத்தில் ஒரு முதலை. கரையில் ஒரு பாறை. பாறைமேல் கருமுத்து என்ற கரடி.

கருமுத்துவுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை. விடிந்ததும் பாறையில் ஏறித் தண்ணீரையே பார்த்திருக்கும். முதலை அசைந்தால் கத்த வேண்டும்! தண்ணீர் குடிக்க வரும் மான்கள் அதற்குப் பழம் கொண்டுவந்து வைக்கும். பொழுது சாயும்வரை கரடி எழுந்திருக்காது. எழுந்தால் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால்?

ஒருநாள் அதன் இடுப்பில் சுரீர் என்றது. வலி பின்தொடை வழியாக இறங்கிக் குதிகால்வரை ஓடியது. கால் மரத்துப்போனது. வைத்தியம் பார்க்கும் மரங்கொத்தி வந்து அலகால் அங்கங்கே தட்டிப் பார்த்தது.

"நாளெல்லாம் உட்கார்ந்தே கிடந்தா நரம்பு அழுந்தாம என்ன செய்யும்? அப்பப்ப எழுந்து அந்த நாவல்மரம்வரைக்கும் நடந்துட்டு வா. சரியாப் போயிடும்."

"அப்போ பாறை?"

"அதுவரைக்கும் அந்த மரத்துல இருக்கிற மந்தி பாத்துக்கும்."

"மந்தியா!" என்றது கரடி. வலியைவிட அந்தப் பேர்தான் அதற்கு அதிகமாகக் குத்தியது.

வேறு வழியில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோலப் பாறைமேல் ஒரு தேக்கிலையைப் போட்டுவிட்டு நடந்தது. சில நாளில் கால் கொஞ்சம் லேசானது. நொண்டலும் குறைந்தது. ஆனால் ஒருநாள் திரும்பி வந்து பார்த்தால், மந்தி அந்த இலையையே குடையாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது! சுற்றிலும் மான்குட்டிகள் சிரித்துக்கொண்டிருந்தன. ஒரு தாய்மான் நல்ல பழமாகப் பொறுக்கி மந்திக்குக் கொடுத்தது.

கரடிக்கு வயிறு எரிந்தது. 'எனக்கு என்றைக்காவது இப்படிப் பொறுக்கிக் கொடுத்தார்களா? என்னிடம் எந்தக் குட்டி சிரித்தது?'

"எழுந்திரு! எனக்கு நல்லாயிடுச்சு!"

"இன்னும் நொண்டுறீங்களே, அண்ணே!"

"என் நடையே அப்படித்தான்!"

அதன்பின் கரடி பாறையை விட்டு எழவே இல்லை. வலி முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மந்தியோ நாவல்மரத்துக்குப் போய்விட்டது. குட்டிகளும் அங்கேயே போய் விளையாடின. கரடியின் கண் அந்த மரத்தடியிலேயே கிடந்தது. தண்ணீரை யார் பார்த்தது?

கரையில் ஒரு குட்டி தனியாகக் குடித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அசைந்தது.

"முதலை! முதலை!" மரத்திலிருந்து கத்தியது மந்திதான்.

குட்டி துள்ளி விலகியது. அதன் வாலில் நாலு முடிதான் முதலையின் வாயில் சிக்கியது. திடுக்கிட்ட கரடி சட்டென்று எழப் பார்த்தது. கால் வரவில்லை. உருண்டுபோய்க் கரைச் சேற்றில் விழுந்தது. முதலை அதன் பக்கம் திரும்பியது!

மந்தி ஓடிவந்து கைநிறையச் சேற்றை அள்ளி முதலையின் கண்ணில் அடித்தது. மான்கள் கரடியைப் பின்னாலிருந்து முட்டித் தள்ளிக் கரையேற்றின.

கரடி தலையைத் தொங்கப் போட்டது. "என்னால குட்டி போயிருக்குமே... இனிமே நீயே பாறைய வெச்சுக்கோ."

"ஐயையோ! அதுல நாளெல்லாம் உட்கார எனக்கென்ன பைத்தியமா?" என்றது மந்தி. "உங்க கால் படுற பாட்டைப் பாத்த பிறகுமா? நீங்க நடந்துட்டு வர்ற நேரத்துக்குன்னா உட்காருறேன். அந்தக் கல்லுக்கு உங்களோட யாருண்ணே போட்டி போட்டாங்க?"

கரடி மான்களைப் பார்த்தது. மான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒருவருக்கும் வேண்டாமாம்!

மறுநாளிலிருந்து கரடி ஒழுங்காக நடந்தது. இலை போடவில்லை. நாவல்மரத்தை எட்டியதும் பாறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். மழைக்காலம் பிறப்பதற்குள் வலி விட்டுப்போனது.

அடுத்தவர் பறித்துக்கொள்வாரோ என்ற பொறாமையில் நாம் இறுகப் பிடித்துக்கொள்ளும் இடம், கடைசியில் நம்மையே முடக்கிப் போட்டுவிடும்.