குறுக்கே படுத்த தம்பி

அந்தக் காலத்தில் மரங்களுக்கும் வாய் இருந்தது. வெட்டிச் சாய்த்த பிறகும் சில நாள் பேசிக்கொண்டிருக்கும். மலையடிவாரம் ஒன்றில் அண்ணனும் தம்பியுமாக இரண்டு இலவமரங்கள் நின்றன. பன்னிரண்டு வருடமாக இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. காலையில் அண்ணன் நிழல் தம்பி மேல் விழுகிறதாம். மாலையில் தம்பி நிழல் அண்ணன் மேல் விழுகிறதாம். இதற்கு ஒரு சண்டை! மனிதர்களும் இதற்குக் குறைந்தவர்கள் இல்லைதான்.

பக்கத்தில் மரவேலைக்காரி சடைச்சி கைக்குழந்தையோடு தனியாகக் குடியிருந்தாள். இலுப்பைப் பூ உதிரும் மாதம் வந்தாலே அவளுக்குக் கரடிப் பயம். பூவைத் தின்று போதை ஏறிய கரடி சாயங்காலம் வந்து கதவைப் பிறாண்டும். இரண்டு முறை பலகை நீளவாக்கில் பிளந்து கதவு போனது. குழந்தையோடு பரணில் ஏறித் தப்பினாள். கடைசியில் பரணையும் கரடி இழுத்துப் போட்டுவிட்டது. இப்போது மறுபடியும் பூ உதிர ஆரம்பித்திருந்தது.

சடைச்சி இலவமரங்களிடம் போய், கதவுக்குப் பலகை கேட்டு நின்றாள்.

"எங்க மரம் மெத்துன்னு இருக்குமே தாயி, நகத்துக்குத் தாங்காதே" என்றது அண்ணன்.

"மெல்லிசா சீவி, ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டிப் பாக்குறேன். எனக்கு வேற வழி தெரியல."

"புள்ளைக்குன்னா எடுத்துக்க."

தம்பி வானத்தைப் பார்த்துச் சொன்னது: "அவன் குடுத்தா நானும் குடுப்பேன். நான் என்ன எளப்பமா?"

சடைச்சி இரண்டையும் வெட்டி, வெந்நீரில் ஊறவைத்து, சுருட்டிய பாயைப் பிரிப்பது போல ஏடு ஏடாகச் சீவினாள். புளியங்கொட்டைப் பசை காய்ச்சினாள். அண்ணன் ஏட்டை விரித்துப் பசை தடவி, அதன் மேல் தம்பி ஏட்டை நேராக வைத்தாள். அது சட்டென்று குறுக்கே திரும்பிப் படுத்தது.

"அவன் படுத்த மாதிரி நான் படுக்க மாட்டேன்!"

நேராக்கினாள். மறுபடி திரும்பியது. பசை இறுகத் தொடங்கிவிட்டது. "எப்படியோ கெட" என்று மேலே கல்லைத் தூக்கி வைத்தாள்.

கல்லை எடுத்தபோது, ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் பலகை அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. சடைச்சி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அதைப் பார்க்க அண்ணனுக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு தம்பியிடம் வாயைத் திறந்தது.

"தம்பி, நீ குறுக்கயே கெட. எனக்காகத் திரும்ப வேண்டாம். உன் முதுகுப் பக்கமும் நானே ஒரு ஏடா வந்து படுக்குறேன்."

 "சரிண்ணே" என்றது தம்பி.

அப்படியே மூன்றாம் ஏட்டையும் ஒட்டினாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இழுக்க, பலகை வளையாமல் நின்றது. அதையே கதவாக மாட்டினாள். நல்லவேளை, அன்று கரடி வரவில்லை.

மறுநாள் வந்தது. சடைச்சி உள்ளிருந்து கதவில் முதுகைக் கொடுத்து, குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். நகம் மேல் ஏட்டை நீளமாகக் கிழித்தது. அடியில் குறுக்கே கிடந்த தம்பியிடம் போய் நின்றுவிட்டது. குறுக்கே இழுத்தால் அண்ணன் விடவில்லை.

"இதென்ன கதவு! எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒருத்தன் மறிக்கிறானே" என்று முனகிக்கொண்டே கரடி காட்டுக்குத் திரும்பியது.

அன்று முதல்தான் பிளைவுட்டில் ஏடுகள் ஒன்றுக்கொன்று குறுக்கே படுக்கின்றன. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையிலேயே அடுக்கப்படுகின்றன. நம் வீட்டுக் கதவிலும் அலமாரியிலும் கட்டிலிலும், கூரைக்குச் சென்ட்ரிங் அடிக்கும் பலகையிலும் அந்த அண்ணன் தம்பிதான் இருக்கிறார்கள். இன்றுவரை அவர்கள் ஒத்துப்போகவில்லை; ஒருவரை ஒருவர் விடவும் இல்லை.