காலிக் கட்டம்

எங்கள் குஞ்சு பொரிப்பகத்தில் காலிக் கட்டம் என்பது கெட்ட வார்த்தை.

பொரிக்கும் இயந்திரங்கள் பன்னிரண்டு. அரை மணிக்கு ஒரு முறை ஒவ்வொன்றின் முன்னும் நின்று, கண்ணாடி வழியாகச் சூட்டைப் பார்த்து, நோட்டில் எழுத வேண்டும். இயந்திரத்துக்கு ஒரு வரி. அரை மணிக்கு ஒரு கட்டம். இருபத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். ஒரு கட்டத்தைக்கூட நான் காலியாக விட்டதில்லை.

என்கூட வேலை பார்த்த கந்தப்பன் விட்டான். பதினோரு வருஷத்துக்கு முன்னால், மூன்றாம் இயந்திரத்தில், ஒரே ஒரு கட்டம். குஞ்சு எதுவும் சாகவில்லை. ஆனாலும் நோட்டை எடுத்துப்போய் முதலாளியிடம் காட்டினேன். அவனை முட்டை தரம் பிரிக்கும் கொட்டகைக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து எங்களுக்குள் பேச்சு இல்லை. தப்பு என்று ஒரு வார்த்தை வந்து சொல்லியிருந்தால் பேசியிருப்பேன். அவன் வரவில்லை.

போன ஆனியில் முதலாளி ஒரு பெண்ணைக் கூட்டி வந்தார். பெயர் தமயந்தி. முப்பத்தொரு வயது. இனிமேல் சூட்டைக் கணினி பார்க்கும், நோட்டு வேண்டியதில்லை என்றார். நோட்டு இல்லையென்றால் எனக்கும் முட்டைக் கொட்டகைதான். கந்தப்பனுக்குப் பக்கத்து மேசை.

நான் தமயந்தியிடம் போனேன்.

"அம்மிணி, இந்த வேலையை எனக்குச் சொல்லிக் குடுங்க."

"என்ன படிச்சிருக்கீங்கண்ணா?"

"எட்டாவது."

"மிஷினுக்கு எப்ப மூச்சு முட்டும்னு தெரியுமா?"

"கதவுல கை வெச்சாத் தெரியும்."

"எனக்கு அது தெரியாது. மத்ததை எழுத்துக் கூட்டிப் படிச்சுக்கலாம். வாங்க."

இப்படித்தான் என் மகள் வயதுக்காரி எனக்கு ஆசான் ஆனாள்.

குளிரூட்டிய சின்ன அறை. அதில் மூன்று சர்வர்கள். அவற்றில் ஏற்ற வேண்டிய மென்பொருள்களை யார் யாரோ எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் விட்டிருந்தார்கள். அவற்றின் பெயர்கள் என் நாக்கில் நிற்கவில்லை. ஒன்றாவது, இரண்டாவது, மூன்றாவது என்றே வைத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு இயந்திரத்திலும் ஒரு சின்னப் பெட்டி. அது ஐந்து வினாடிக்கு ஒரு முறை சூட்டின் எண்ணை அனுப்பும். ஒன்றாவது சர்வர் அந்த எண்களை வரிசை கலையாமல் வாங்கி ஓடவிடும். இரண்டாவது வாங்கிச் சேர்த்து வைக்கும். மூன்றாவது பார்த்துக்கொண்டே இருக்கும். சூடு சரியாக இருந்தால் திரையில் அந்த இயந்திரம் பச்சை. கூடினாலோ குறைந்தாலோ சிவப்பாகி, கூரையில் கட்டிய சங்கு ஊதும்.

அவள் எதையும் தன் கையால் செய்யவில்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். தட்டுவது நான். கோப்பில் ஓர் இடைவெளி கூடினாலும் மென்பொருள் எழுந்திருக்காது. ஒருமுறை இரண்டாவது சர்வர் எண்களை உள்ளே வாங்கவே மாட்டேன் என்றது. மூன்று நாள் போராடினேன்.

"எங்க தப்புன்னு சொல்லுங்க அம்மிணி."

"அதுவே சொல்லுதுங்களே. கடைசி வரியைப் படிங்க."

படித்தேன். இருந்தது.

இன்னொரு நாள் மின்சாரம் போய் வந்தது. மூன்று சர்வர்களும் விளக்கு எரிய, வேலை செய்யாமல் கிடந்தன.

"கரண்டு வந்திருச்சு. இது ஏன் எந்திரிக்கலை?"

"எந்திரிக்கச் சொல்லியிருந்தீங்களா?"

இவ்வளவுதான் அவளுடைய பாடம். 'சரி' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. 'தப்பு' என்றும் சொன்னதில்லை. அதை நான் மனதில் குறித்து வைத்துக்கொண்டேன்.

பெட்டிகளுக்கு மின்சாரம் வேண்டும். தனி ஒயர் இழுத்தால் நாலு நாள் ஆகும். அந்தந்த இயந்திரத்தின் விசிறிக்குப் போகும் லைனிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். ஒரே நாளில் முடிந்தது. எனக்கே என்மேல் பெருமை.

முதல் வாரம் சங்கு பதினோரு முறை ஊதியது. ஒவ்வொரு முறையும் ஓடிப் போய்ப் பார்த்தேன். சூடு சரியாகவே இருந்தது. பெட்டியில் ஏதாவது ஒயர் தளர்ந்து எண் வராமல் நின்றிருக்கும். எண் வராவிட்டாலும் மூன்றாவது சர்வர் சங்கை ஊதியது.

பதினோராவது முறை நான் வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தபோது டீ நேரம். கந்தப்பன் என்னிடம் பேசமாட்டான். எனக்குக் கேட்கும்படி மற்றவர்களிடம் பேசுவான்.

"கேட்டீங்களா? அர்த்தநாரிக்கு இன்னைக்கு ரெண்டாவது தடவையாச் சங்கு ஊதியாச்சு. பொணத்தை எப்ப எடுக்கறாங்களாம்?"

கொட்டகையே சிரித்தது.

நேராகப் போய் மூன்றாவது சர்வரைத் திறந்தேன். அங்கே ஓர் இடம் இருந்தது. எண் வராமல் போனால் அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று அது கேட்டிருந்தது. 'சரி' என்று மாற்றினேன். கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே நிற்கும். பச்சையும் நிற்கும்.

பிறகு தளர்ந்த ஒயர்களை எல்லாம் முறுக்கிவிட்டு, கோப்பைத் தமயந்தியிடம் காட்டினேன்.

"எல்லாம் முடிஞ்சுதுங்க. ஒரு தடவை பார்த்துருங்க."

மேலிருந்து கீழ்வரை படித்தாள். ஒரு வரியில் சற்று நின்றாள். பிறகு எழுந்து போய்விட்டாள்.

மௌனம் சம்மதம். டீச்சர் பார்த்தாச்சு என்று எல்லோரிடமும் சொன்னேன்.

சங்கு அதற்குப் பிறகு ஊதவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம். கந்தப்பனுக்குச் சிரிக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

மூன்றாம் வாரம் வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி வந்தார். நோட்டு முறை இன்றோடு நின்றது என்று எழுதிய தாள் அவர் கையில் இருந்தது. கையெழுத்துப் போடுமுன் திரையின் முன்னால் உட்கார்ந்தார்.

"அர்த்தநாரி, ஏழுல என்ன தெரியுமில்ல?"

"இருபதாம் நாளுங்க. பதினஞ்சாயிரம். ஓட்டைக் கொத்த ஆரம்பிச்சிருச்சு."

இருபதாம் நாள் குஞ்சு முட்டைக்குள்ளேயே கொதிக்கும். சூடேற்றத் தேவையில்லை. விசிறிதான் உயிர். விசிறி நின்றுவிட்டால், மூடிய இயந்திரத்துக்குள் பதினைந்தாயிரம் குஞ்சுகளும் ஒன்றின் சூட்டில் ஒன்று வெந்துபோகும்.

"நோட்டை நிறுத்தலாமா? உன்னை நம்பித்தான் போடறேன்."

"போடுங்க."

"ஏழுல ஒண்ணு போனாலும் உன்னைத்தான் கேப்பேன்."

"கேளுங்க."

தமயந்தி வெளியே போயிருந்தாள். அப்போதுதான் உள்ளே வந்தாள். வலது கையை மூடியிருந்தாள். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூடிய கையை மேசைமேல் வைத்தாள்.

"ஏழு எப்படிங்கண்ணா இருக்கு?"

"பச்சை."

"எவ்வளவு?"

"தொண்ணூத்தெட்டரை."

முதலாளி பேனாவைத் திறந்தார்.

"இப்ப?"

"பச்சைதான். தொண்ணூத்தெட்டரை."

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். எதற்கு என்று தெரியவில்லை.

"எட்டு?"

"தொண்ணூத்தெட்டே கால். இல்ல, இப்ப தொண்ணூத்தெட்டு புள்ளி மூணு."

"ஒம்போது?"

"அதுவும் ஏறி எறங்கிட்டுத்தான் இருக்கு."

"ஏழு?"

நான் ஏழைப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டரை. எட்டும் ஒன்பதும் பத்தும் புள்ளிக்குப் பின்னால் துள்ளிக்கொண்டிருந்தன. ஏழு துள்ளவில்லை. படம் மாதிரி நின்றது. பச்சையாக.

என் முதுகில் வியர்வை இறங்கியது. குளிரூட்டிய அறை அது.

"அம்மிணி, கையில என்ன?"

அவள் கையைத் திறந்தாள்.

வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை. விசிறிக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒன்றுதான். அதன் முதுகில் சிவப்பு மையால் ஏழு என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து.

முதலாளி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. "ஏம்மா, உனக்குப் பைத்தியமா? பதினஞ்சாயிரம் உசுரும்மா!"

அவள் என்ன சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. கட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன். இயந்திரக் கூடம் எழுபது அடி நீளம். இருபத்தாறு வருஷம் நடந்த தரை. அன்றைக்கு அது முடியவே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று கதவுகள் போய்க்கொண்டிருந்தன. எத்தனை நிமிஷம் ஆகியிருக்கும்? கடிகாரத்தில் என்ன மணி பார்த்தேன்? ஞாபகம் வரவில்லை. விசிறிகளின் இரைச்சலுக்குள், ஏழாவது இருக்கும் இடத்தில் மட்டும் ஓசை இல்லை.

ஏழாவதின் கதவு திறந்து கிடந்தது.

கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு ஒருவன் நின்றான். ஒரு கையில் சூடு பார்க்கும் கருவி. இன்னொரு கையில் நோட்டு.

கந்தப்பன்.

"தொண்ணூத்தொம்போது புள்ளி மூணு" என்றான். பதினோரு வருஷத்தில் அவன் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் அது. "ஃபியூஸைப் புடுங்கி ஆறு நிமிசம். கதவைத் தொறந்து நாலு. நூறைத் தாண்டினா தன்னைக் கூப்பிடச் சொல்லிருக்குது அந்தப் புள்ளை. ஒண்ணும் சாகலை. நீ கட்டையை மாட்டு."

மாட்டினேன். இரண்டு முறை தவறியது. மூன்றாம் முறை விசிறி உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அடுத்த நொடி கூரையில் சங்கு ஊதியது. பெட்டிக்கு உயிர் வந்து, தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்று என்று அப்போதுதான் சொல்லியிருந்தது.

ஆபத்து தீர்ந்த பிறகு என் சங்கு ஊதிக்கொண்டே இருந்தது.

கந்தப்பன் சிரிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் நோட்டை என் முன் நீட்டினான். ஆறு நிமிஷத்துக்கு ஆறு கட்டம். எதுவும் காலி இல்லை.

நான் சர்வர் அறைக்குத் திரும்பினேன். முதலாளி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். என்னைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டாரா இல்லையா என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

தமயந்தி அதே நாற்காலியில் இருந்தாள். மூன்றாவது சர்வரின் கோப்பு திரையில் திறந்திருந்தது.

என்னால் அடக்க முடியவில்லை.

"கந்தப்பனைக் கொண்டுவந்து நிறுத்தோணுமா? வேற ஆளே கெடைக்கலையா?"

"யாரு கட்டத்தைக் காலியா விடமாட்டாங்கன்னு கொட்டகையில கேட்டேன். எல்லாரும் ரெண்டு பேர் பேரைச் சொன்னாங்க. ஒருத்தர் இங்க என்கூட உக்கார்ந்திருந்தார்."

"அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல? இதே ஃபைலைத்தான் காட்டினேன். படிச்சீங்க. எந்திரிச்சுப் போயிட்டீங்க."

"ஆமாங்கண்ணா. ஒண்ணும் சொல்லலை."

"ஒண்ணும் சொல்லாமப் போனா நான் அதை என்னன்னு எடுத்துக்கறது?"

அவள் விசைப்பலகையை என் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"இதே கேள்வியைத்தான் மூணாவது சர்வரும் உங்ககிட்டக் கேட்டுச்சு. என்ன பதில் எழுதுனீங்க?"

நான் பேசவில்லை.

ஐந்து வினாடி ஆனது. இன்னும் ஐந்து ஆனது. 'சரி' என்று எடுத்துக்கொண்டு அவள் எழுந்து போகவில்லை.