கட்டிலும் படுக்கையும்

"ஆயிரம் முறை ஓட்டிப் பார்த்துவிட்டேன், டாக்டர். ஒருமுறைகூட நோயாளிகள் நாற்பதைத் தாண்டவில்லை. நம் படுக்கைகள் போதும் என்ற அறிக்கையில் இன்னும் ஏன் கையெழுத்திட மறுக்கிறீர்கள்?"

செவ்வேள் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். நோய் பரவும் விதத்தைக் கணினியில் முன்கூட்டியே நடத்திப் பார்க்கும் வித்தையைக் கற்க, தம்மைவிட இருபது வயது இளையவரான டாக்டர் நிறைமதியிடம் மாணவராக இந்த மலை மருத்துவமனைக்கு வந்திருந்தார்.

மழைக்காலக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. மருத்துவமனையில் நாற்பது படுக்கைகள். அவை போதுமென்றால் அடிவாரத்து மருத்துவமனையில் இடம் கேட்க வேண்டியதில்லை. கணக்குப் பிழைத்தால், வாசல்வரை வந்த நோயாளி இடமின்றி, கொட்டும் மழையில் மலைப்பாதையில் இறங்க வேண்டும்.

டாக்டர் கேட்டார்:

"உங்கள் கணினியில் ஒருவர் குணமாகிப் போனால்?"

"படுக்கை காலியாகும். அடுத்தவர் வருவார்."

"எப்போது?"

"உடனே."

"நல்லது, ஐயா. பதினோராம் எண்காரர் இப்போதுதான் வீட்டுக்குப் போனார். வெளியே ஓர் அம்மாள் காய்ச்சலோடு உட்கார்ந்திருக்கிறார். அவரைப் படுக்க வைத்துவிட்டு வாருங்கள்."

செவ்வேள் வார்டுக்குப் போனார். செவிலியர் எஸ்தர் கைவிரித்தார்.

"கட்டில் இருக்கு சார். படுக்கைதான் இல்ல."

"இரண்டும் ஒன்றுதானே?"

"அப்போ உங்க வீட்டுல வெறும் கட்டில்லயா தூங்குறீங்க?"

பதினோராம் கட்டிலில் இரும்புச் சட்டம் மட்டும் இருந்தது. மெத்தை துடைக்கப்பட்டுச் சுவரில் சாய்ந்திருந்தது. விரிப்பைக் காணோம்.

சமையற்கட்டின் பின்புறம் நீண்ட கொட்டகை. கொடி நிறைய விரிப்புகள். மாற்று விரிப்புகளும் அங்கேதான். மூன்று நாள் மழை. சலவைக்காரர் மருதையன் ஒரு விரிப்பின் முனையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"எப்போது காயும்?"

"என்னக் கேட்டா? சூரியனக் கேளுங்க, சார்."

செவ்வேள் சட்டைக் கையை மடித்துவிட்டார். கரி போட்ட இஸ்திரிப்பெட்டியை எடுத்து, ஈர விரிப்பு ஒன்றைத் தேய்க்கத் தொடங்கினார். ஆவி எழுந்து மூக்குக் கண்ணாடியை மறைத்தது. ஒரு விரிப்புக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. மருதையன் இரண்டு முறை சிரித்தார்; ஒருமுறை தேநீர் கொடுத்தார்.

விரித்த படுக்கையில் அந்த அம்மாள் படுத்தார்.

"கதகதன்னு இருக்கு, சாமி" என்று கண்களை மூடிக்கொண்டார்.

செவ்வேள் சற்று நேரம் அங்கேயே நின்றார். மனம் நிறைந்திருந்தது.

பிறகு கணினியின் முன் அமர்ந்தார். காய்ச்சலின் கணக்கில் கைவைக்கவில்லை. ஒருவர் போவதற்கும் அடுத்தவர் வருவதற்கும் இடையில் ஒரு நாளைச் சேர்த்து ஓட்டினார். ஒன்பதாம் நாளில் இடம் போதவில்லை.

மாலையில், அடிவாரத்தில் பன்னிரண்டு இடம் கேட்கும் கடிதத்தோடு டாக்டரின் முன் நின்றார். அவர்மீது கரிப்புகை மணத்தது.

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"நம்மிடம் படுக்கை எத்தனை என்று எழுதியிருக்கிறீர்கள், ஐயா?"

"வெயிலடித்தால் நாற்பது."