மூன்று இலையும் நரியின் பட்டியலும்

மூங்கில் காட்டில் தொண்டையடைப்பு நோய் பரவியது. நோய் முற்றினால் மூச்சு நின்றுவிடும். பாறை இடுக்கில் முளைக்கும் ஒரு மூலிகைதான் அதற்கு மருந்து. அந்த ஆண்டு அதில் மூன்றே மூன்று இலைகள் துளிர்த்திருந்தன.

வைத்தியம் பார்க்கும் உடும்பு அவற்றைப் பறித்துக்கொண்டு குளக்கரைக்கு ஓடிவந்தது. அங்கே கீரியும் முயலும் மூச்சுவிட முடியாமல் துடித்துக்கொண்டிருந்தன.

"நில்லுங்கள் வைத்தியரே!" என்று குறுக்கே வந்தது நரி. அது புலி ராஜாவின் காரியதரிசி. "யாருக்கு இலை என்று நான் பட்டியல் போட்டுவிட்டேன்!"

"இந்த இரண்டு பேரும் பொழுது சாய்வதற்குள் செத்துப்போவார்கள். மருந்து கொடுத்தால் பிழைப்பார்கள். இதற்கு என்ன பட்டியல்?"

"கீரி செத்தால் காட்டுக்கு என்ன குறைந்துவிடும்? முயல்கள்தான் புதருக்குப் பத்து இருக்கின்றனவே! பெரியவர்களை முதலில் பார்க்க வேண்டாமா?"

பெரியவர்கள் வந்து நின்றார்கள். கரடிக்கு எந்த நோயும் இல்லை. அளவில்லாமல் தேன் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது. மயில் தன் குரல் கரகரக்கிறது என்று அழுதது. மயிலின் குரல் என்றைக்கு இனிமையாக இருந்தது! மூன்றாவது ஆள் ராஜாவின் மைத்துனர் சிறுத்தை.

"உங்களுக்கு என்ன செய்கிறது?" என்று உடும்பு கேட்டது.

"இப்போது ஒன்றுமில்லை. நாளைக்கு வந்துவிட்டால்?" என்றது சிறுத்தை.

"ஐயா, என் வீட்டுக்காரருக்குக் கண் செருகுகிறது! பாதி இலையாவது கொடுங்கள்!" என்று கீரியின் மனைவி நரியின் காலில் விழுந்தாள்.

"பட்டியலில் பெயர் இல்லையே அம்மா!" என்றது நரி. உடும்பின் கையிலிருந்து இலைகளைப் பிடுங்கி மூவருக்கும் பணிவாக நீட்டியது. அவர்கள் அங்கேயே மென்று விழுங்கினார்கள். கரடி இன்னொரு ஏப்பம் விட்டது.

பொழுது சாய்வதற்குள் முயல் இறந்தது. சற்று நேரத்தில் கீரியும் இறந்தது. தான் தயவு காட்டிய மூவரும் ராஜாவிடம் என்னென்ன நல்ல வார்த்தை சொல்வார்கள் என்று எண்ணிப் பூரித்தபடி நரி வீட்டுக்குப் போனது.

இரண்டு நாள் கழித்து நரியின் தொண்டை வீங்கியது. தள்ளாடிக்கொண்டே உடும்பிடம் வந்தது.

"வைத்தியரே... மூச்சு... முட்டுகிறது! ஒரு இலை!"

"ஏது இலை? ஒன்று ஏப்பத்துக்குப் போனது. ஒன்று மயிலின் சங்கீதத்துக்குப் போனது. இன்னொன்று வராத நோய்க்குப் போனது."

"ராஜாவிடம்... சொல்லி..."

"ராஜா சொன்னால் இலை முளைத்துவிடுமா? அன்றைக்குச் சாகக் கிடந்தவர்கள் இரண்டே பேர். என் போக்கில் விட்டிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள். மூன்றாவது இலை மிஞ்சியிருக்கும். இன்று காட்டிலேயே மூச்சு முட்டுகிறவன் நீ ஒருவன்தான். அதை உனக்குத்தான் கொடுத்திருப்பேன், மடையா!"

நரி மூச்சுக்குத் தவித்தபடி அங்கேயே சுருண்டு விழுந்தது. அதைப் பார்க்கக் கரடியும் வரவில்லை, மயிலும் வரவில்லை, சிறுத்தையும் வரவில்லை.

மருந்து குறைவாக இருக்கும்போது ஆளின் பெருமையைப் பார்க்காமல் உயிரின் ஆபத்தைப் பார்த்தே அதைக் கொடுக்க வேண்டும்.