சாய்தளத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம்

மாற்றுத்திறனாளிகள் யார் துணையும் இல்லாமல் நடமாட வேண்டும் என்று ஊர் கூடித் திட்டம் போட்டார்கள். முதல் வேலையாக ஒன்றிய அலுவலக வாசலில் ஒரு சாய்தளம் எழும்பியது. இதே அளவில் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, ஆஸ்பத்திரி என்று இன்னும் ஒன்பது கட்ட வேண்டும். அதற்குப் பூரணம் கையெழுத்துப் போட வேண்டும். திட்டக் குழுவில் சக்கர நாற்காலியில் வருகிறவள் அவள் ஒருத்திதான்.

சாய்தளமோ ஏணியைச் சாத்தி வைத்தது போல இருந்தது. திறப்பு விழாவன்று இரண்டு பேர் மூச்சு வாங்கத் தள்ளித்தான் அவள் மேலே வந்து சேர்ந்தாள்.

"ரொம்பச் செங்குத்தா இருக்குங்க ஐயா."

"இன்ஜினீயருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்? கையெழுத்தைப் போட்டுட்டு நீயே தனியா இறங்கிக் காட்டும்மா. போட்டோ எடுக்கணும்" என்றார் சேர்மன் தணிகாசலம்.

பூரணம் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

"சரிங்க ஐயா. புது வண்டி எடுத்தா எலுமிச்சம்பழம் வைக்கிறோமே, இதுக்கும் ஒண்ணு வைங்க. உங்க கையாலேயே, இந்த உச்சியில வைங்க."

சேர்மனுக்கு ஏகப் பெருமை. தாம்பாளத்திலிருந்து நல்ல பழமாக எடுத்து வைத்தார்.

கையை எடுத்ததுதான் தாமதம், பழம் ஓட்டம் பிடித்தது. சரிவில் குதித்து, கேட்டைத் தாண்டி, ரோட்டில் போய் விழுந்தது. அந்நேரம் வந்த டவுன் பஸ் அதன் மேல் ஏறிப் போனது.

மேளம் நின்றுவிட்டது. தார் ரோட்டில் மஞ்சள் தோல் ஒட்டிக் கிடந்தது.

"இப்ப நான் இறங்கட்டுங்களா ஐயா?" என்று கேட்டாள் பூரணம்.

சேர்மன் அவள் நாற்காலியைப் பின்னாலிருந்து இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.